மாடி வீட்டு வால்வு

நல்லவேளை, மாடி வீட்டு லுயீஸ் முசியே கஞ்சனாக இருந்தார். அதனால்தான் எங்க அப்பா மூன்று மாசமாகச் சுத்தமான விரிப்பில் படுத்திருந்தார்.

உண்மையைத்தான் சொல்கிறேன்.

சாரம் பகுதியில் எங்கள் வீடு கீழே, அவர் வீடு மேலே. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், அதனால் தெருவுக்கே அவர் 'முசியே', பிரெஞ்சில் ஐயா மாதிரி. ரெண்டு வீட்டுக்கும் ஒரே போர்வெல், ஒரே மோட்டார். காலையில் ஒரு மணி நேரம்தான் ஓட்டுவோம். அதற்கு மேல் ஓட்டினால் உப்புத் தண்ணீர் ஏறிவிடும்.

மொட்டை மாடியில் ஆளுக்கொரு தொட்டி. மேலே ஏறுகிற பைப் ரெண்டாகப் பிரிந்து தொட்டிகளின் அடிப்பக்கமாக நுழையும். பிரிகிற இடத்தில் ஆளுக்கொரு செக் வால்வு. உள்ளே குட்டிக் கதவு ஒன்று கீலில் தொங்கும். ஏறுகிற தண்ணீர் அதைத் தள்ளித் திறக்கும். மோட்டார் நின்றதும் கதவு விழுந்து மூடிக்கொள்ளும். திரும்பி வரப் பார்க்கிற தண்ணீரே அதை இறுக்கி அழுத்திக்கொள்ளும். கீழே மோட்டார் பக்கமும் இதே மாதிரி ஒன்று உண்டு, தண்ணீர் போர்வெல்லுக்குள் இறங்காது.

அந்த வால்வு வேண்டும் என்று சண்டை போட்டதே எங்க அப்பாதான். "அவங்க சொட்டு எனக்கு வேணாம். என் சொட்டு அவங்களுக்குப் போகக் கூடாது."

அப்புறம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு நாளைக்கு நாலு விரிப்பு துவைக்க வேண்டும். எங்கள் தொட்டி பத்து மணிக்கே காலியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. லுயீஸ் வீட்டு வால்வு மூடவில்லை. அவர் தொட்டி எங்களுடையதைவிட உயரமான மேடையில் இருந்ததால் அவர் தண்ணீர் எங்களுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மா நிறுத்திவிடும்.

அந்த மனுஷனோ தெருக்குழாயில் குடத்தோடு நிற்பார். பென்ஷன் பிரான்சிலிருந்து வருகிறது, ஒரு வால்வை மாற்ற மனசு வரவில்லை என்று தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

போன வாரம் அம்மா துணி காயப்போட மாடிக்குப் போனது. மோட்டார் ஓடவில்லை, எங்கள் தொட்டியில் மட்டும் தண்ணீர் ஏறுகிறது. கீழே வந்து என்னைப் பார்த்த பார்வையிலேயே புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்."

"அந்த மனுஷன் இந்த வயசுல குடம் தூக்குறாரு. நாம அவர் தண்ணிய ஊத்தித் துவைக்கிறோமா?"

"நாம என்ன திருடுனோமா? அவர் வால்வு கெட்டுருக்கு. மாத்தாதது அவர் தப்பு."

"வாய மூடு. நான் மாத்திக் குடுக்குறேன்."

"மாத்திட்டு? அப்பாவுக்கு என்ன பண்ணுவ?"

அம்மா பிளம்பர் அம்மாவாசைக்குப் போன் போட்டது.

"அந்த வால்வாக்கா? கிடக்கட்டும், அப்புறம் பாப்போம்" என்றார்.

மறுநாளும் அதையேதான் சொன்னார். மூன்றாவது நாள் அம்மா, "நீ வர வேணாம்பா. லாஸ்பேட்டையில வேற ஆளு இருக்கான்" என்றது. அரை மணி நேரத்தில் ஸ்பேனரோடு வந்து நின்றார்.

மாடிக்குப் போனோம். லுயீஸ் முசியேவும் வந்துவிட்டார்.

"எதுக்கும்மா சுலோசனா இதெல்லாம்? நானே பாத்துக்குறேன்."

"மூணு மாசமா பாத்தது போதும்ண்ணே. நீங்க சும்மா இருங்க. அம்மாவாசை, கழட்டு."

அம்மாவாசை லுயீஸ் முசியேவின் முகத்தைப் பார்த்தார். அவர் தொட்டியைப் பார்த்தார். அதில் அந்த நேரத்துக்குத் தண்ணீரே இல்லை.

"அட கழட்டுங்களேன், வெயிலு கொளுத்துது" என்றேன் நான்.

நாலு போல்ட்டையும் கழற்றி மூடியைத் தூக்கினார். நான்தான் முதலில் எட்டிப் பார்த்தேன்.

துரு இல்லை. கீல் நன்றாக இருந்தது. கதவு புதுசு மாதிரி பளபளத்தது. அதைச் செப்புக் கம்பியால் மேலே இழுத்து, மூட முடியாதபடி கட்டியிருந்தது.

"இது கெடலியே! யாரு கட்டுனது இத?" என்றது அம்மா.

அம்மாவாசை தலையைச் சொறிந்தார். "நான்தான்க்கா."

"நீயா? யாரு கட்டச் சொன்னது?"

திரும்பிப் பார்த்தோம். லுயீஸ் முசியே அங்கே இல்லை. படியில் அவர் செருப்புச் சத்தம் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"கதவையே கழட்டிப் போட்டுடுறேன்னு சொன்னேன்க்கா. அவருதான் கேக்கல" என்றார் அம்மாவாசை. "'வேணாம்டா, கம்பியால கட்டு போதும். கீழ் வீட்டுக்காரர் எழுந்து நடக்குற அன்னிக்கு அவுத்துடலாம்'னாரு."