கைமாறிய எண்

"ஐயா, அந்த ஆறு நம்பரை மட்டும் சொல்லிடுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"சொல்ல மாட்டேன்."

"அது என்னோட ஓ.டி.பி. ஐயா! என் பாங்க், என் காசு!"

"இருக்கட்டும். வந்தது என் போனுக்கு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு அதுலயே போட்டிருக்கு."

ருமியாத்திக்கு அழுகை வந்துவிட்டது. தைவானில், ஒரு பூங்காவில், தான் பார்த்துக்கொள்ளும் கிழவரின் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டலேன்னா என் பொண்ணுக்கு நர்சிங் சீட் போயிடும். அல்லா மேல ஆணையாச் சொல்றேன், நான்தான் ருமியாத்தி."

"எத்தனை தடவை அழுதாலும் இதே பதில்தான். அடையாள அட்டையோட நேர்ல வா. பொனோரோகோ பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, துகிமான் பஞ்சர் கடை. நானே பாங்க்குக்குக் கூட வர்றேன்."

போன் வைக்கப்பட்டது.

பொனோரோகோ அவள் சொந்த ஊர்தான். ஆனால் கடல் தாண்டி நேரில் வா என்றால்? ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதுவரை முதலாளி விடமாட்டார். வங்கியும் இதையே சொல்லிவிட்டது, எண்ணை மாற்ற ஆள் நேரில் வரவேண்டும் என்று.

ஆறு வருஷம் அடுத்தவர் அப்பனைக் குளிப்பாட்டிச் சேர்த்த பணம். அதைத் திறக்கும் சாவி இப்போது எவனோ ஒரு பஞ்சர் கடைக்காரன் சட்டைப்பையில்.

எல்லாம் தங்கை சுலாசியின் மறதியால் வந்தது. ஊர் சிம்மை அவளிடம்தான் கொடுத்துவிட்டு வந்திருந்தாள் ருமியாத்தி. "மாசம் ஒருதரம் கொஞ்சமா ரீசார்ஜ் போடுடி, இல்லேன்னா நம்பர் செத்துடும்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சுலாசியின் எண்ணுக்கோ ஒன்றாம் தேதி தவறாமல் தைவானிலிருந்து ருமியாத்தியே ரீசார்ஜ் போட்டுவிடுவாள். சுலாசி மறந்தாள். எண் செத்தது. கம்பெனிக்காரன் அதை வேறு ஆளுக்கு விற்றுவிட்டான்.

தங்கையை என்ன சொல்ல? மகள் வெனிங்கை ஆறு வருஷமாக வளர்ப்பவள் அவள்தான். போன மாதம்கூட, "பாங்க்ல நானே கேட்டுப் பார்க்கிறேன்க்கா" என்று கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு போய் அலைந்தாள், பாவம்.

அன்று அவளிடம்தான் புலம்பினாள்.

"அந்தப் பஞ்சர் கடைக் கிழவன் திருடன்க்கா!" சுலாசி பொரிந்தாள். "இந்நேரம் வழிச்சு எடுத்திருப்பான்."

"பாஸ்வேர்ட் இல்லாம எப்படிடி எடுப்பான்?"

"இந்தக் காலத்துல எதுதான் முடியாது?"

"நீ நேர்ல போய்க் கெஞ்சிப் பாரேன். பக்கத்துலதானே இருக்கு."

"ஐயோ, நான் எதுக்குக்கா? அந்த ஆளோட பேச்சே வேண்டாம்!"

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. சீட்டும் போனது. "பரவால்லம்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று வெனிங் சொன்ன குரலில் பரவாயில்லை என்பதே இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஊரில் வந்து இறங்கியதும் ருமியாத்தி வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியோடு நேராக வங்கிக்குப் போனாள்.

பணம் அப்படியே இருந்தது. எண்ணை மாற்றிக் கொடுத்தார்கள்.

நிம்மதி வரவேண்டிய இடத்தில் ஆத்திரம்தான் வந்தது. எடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை, இது என்ன ஜென்மம்? கேட்டுவிட வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போனாள்.

துகிமான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"நான்தான் ருமியாத்தி. ஞாபகம் இருக்கா?"

"காசு பத்திரமா இருக்கா?" அதைத்தான் முதலில் கேட்டார்.

"இருக்கு. என் பொண்ணோட ஒரு வருஷம் போச்சு. ஒருத்தி கதறுறது உங்களுக்கு அவ்வளவு இளக்காரமாப் போச்சா?"

"அட்டையைக் காட்டு."

அவர் மூஞ்சிக்கு நேராக நீட்டினாள். படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என் மேலதான் தாயி. உன்னை நம்பியிருக்கணும். ஆனா நீ கூப்பிடறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி இன்னொரு ருமியாத்தி கூப்பிட்டா."

"இன்னொருத்தியா?"

"தைவான்ல இருக்கேன், பொண்ணு படிப்புன்னு உன் கதையே. ஓ.டி.பி. கேட்டு நாலஞ்சு தடவை அழுதா. தைவான்ல இருக்கேங்கிறா, நம்பர் நம்ம ஊர் நம்பரா இருக்கு. விடுவேனா? அப்புறம் நீ கூப்பிட்டே. குரலும் அவ குரலாட்டமே இருந்துச்சு. அவதான் வெளிநாட்டு நம்பர் ஒண்ணைப் பிடிச்சுட்டு வந்துட்டான்னு நினைச்சேன்."

ருமியாத்தியின் கை பெட்டியை விட்டுவிட்டது.

"எந்த நம்பர்?"

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து நீட்டினார். 'திருடி' என்று பெயர் போட்டுப் பதிந்து வைத்திருந்தார்.

ருமியாத்தி அதைத் தன் போனில் ஒத்துப் பார்க்கவில்லை. ஆறு வருஷமாக, ஒன்றாம் தேதி தவறாமல், அவளே ரீசார்ஜ் போட்டுச் சாகாமல் காப்பாற்றி வைத்திருந்த எண் அது.