ஜன்னலோர வாசகி

வண்ணக் கண்ணாடிக் கூரை, மூன்று மாடி உயரத்துக்குப் புத்தக அலமாரி, நடுவே சுழல் படிக்கட்டு. டிக்கெட் வாங்கி நூலகத்தைப் பார்க்க வந்த சுற்றுலாப் பயணிகள் வாயடைத்து நின்றார்கள்.

"மெதுவாப் பேசுங்க, படிக்கிறாங்க" என்று ஜன்னலோரம் இருந்த பெண்ணைக் காட்டிக் கிசுகிசுத்தார் வழிகாட்டி. ஆளாளுக்கு அவளைப் படம் பிடித்தார்கள்.

தடித்த நாவலிலிருந்து தலை நிமிராத அவள், திடீரென்று தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். மாடியிலிருந்து பார்த்த மேலாளருக்குப் பகீரென்றது. கூட்டம் நகர்ந்ததும் விறுவிறுவென்று இறங்கி வந்தார்.

"என்னம்மா இது? நேத்து விழுந்து விழுந்து சிரிச்சீங்க, இன்னிக்கு அழுகை. எல்லார் போட்டோவும் பாழ்!"

"கதையில கல்யாணம் நின்னுபோச்சு சார். மனசு தாங்கல."

"இடம் பாக்கறதுக்கு நூலகம் மாதிரி இருக்கணுமேன்னுதான் உங்களை வேலைக்கு வெச்சோம். புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்கன்னா, நிஜமாவே படிக்கிறதா?"

அவள் தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றி, விட்ட பக்கத்தில் செருகினாள்.

"அப்போ நாளைக்கு எனக்கு லீவு வேணும் சார்."

"எதுக்கு?"

"டிக்கெட் வாங்கிட்டு வர்றேன். டிக்கெட் வாங்கினவங்க படிக்கலாம்ல?"

மேலாளர் சுவரில் ஒட்டியிருந்த டிக்கெட் விதிகளை மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தார். இத்தனை வருடத்தில் டிக்கெட் வாங்கிய ஒருவர்கூட அவரிடம் அதைக் கேட்டதில்லை.