ஹரீஷ்குமாரின் ரத்தம்

“எம்மவனை உலையை விட்டு எடுக்கச் சொன்னது நீதானாம்மா?”

வாசலில் தடுத்த காவல்காரரை ஒதுக்கித் தள்ளிவிட்டு, மாடியிலிருந்த மருத்துவ அறைக்குள் செருப்போடு நுழைந்தார் கிருஷ்ணப்பன். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் தொழிற்சாலை அது. ஆட்களின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பதிவேட்டில் எழுதி வைப்பது நர்ஸ் வினிதாவின் வேலை.

“உக்காருங்கய்யா. எடுக்கச் சொன்னது நான் இல்ல, இந்த நம்பர்.”

“நம்பருக்கு வாய் இருக்குதா? நீ எழுதுனதுதானே!”

“லேப்ல இருந்து வந்ததை எழுதுறேன்.”

“ஒசூர்ல ஏசியில உக்காந்துக்கிட்டு அவன் வாயில வந்ததை எழுதுவான். நீ அதைப் பாத்து எழுதுவே. மொதலாளி அதைக் காட்டி எம்மவனை வெளிய தள்ளுவான். எல்லாம் கூட்டுக் களவாணிங்க!”

வினிதா கோபப்படவில்லை. பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். “படிக்கத் தெரியுமாய்யா?”

“நம்பர் தெரியும். தக்காளிப் பொட்டி எண்ணத் தெரியாமயா மார்க்கெட்டுக்குப் போறேன்?”

ஹரீஷ்குமார் என்ற பெயருக்கு நேரே இருபத்தாறு, முப்பத்தைந்து, நாற்பத்தேழு. போன வாரம் ஐம்பத்தெட்டு.

“நாப்பத்தேழு வந்தப்பவே உங்க மகன்கிட்டச் சொன்னேன். அடுத்த தடவை குறையலைன்னா உலைப் பக்கமே போகக் கூடாதுன்னு.”

“குறைஞ்சிருக்கணுமே!” மேசையில் ஓங்கித் தட்டினார். “அடுத்த மாசம் அவனுக்கு வேலை பர்மனென்ட் ஆவுது. அஞ்சு வருசமா அந்த வெக்கையில வெந்தது அதுக்குத்தான். இப்ப எடுத்துட்டா மறுபடி கூப்புடுவானுங்களா? ரத்தக் குப்பியை எவனோடதோ மாத்திப் போட்டுட்டீங்க.”

“எனக்கும் சந்தேகமாத்தான் இருந்தது. ரெண்டாவது தடவை பாக்கச் சொன்னேன். அதே அம்பத்தெட்டு. சீட்டைக் கொண்டுபோய் லேப்ல அவரே கொடுத்த ரத்தம்தான்யா.”

கிருஷ்ணப்பன் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“அந்த ரத்தத்துல ஒரு கொறையும் இருக்காது” என்றார், குரல் இறங்கி.

“எப்படிச் சொல்றீங்க? வயித்து வலி இருக்கா? கை நடுக்கம்?”

“வயசானா யாருக்குத்தான் கை நடுங்காது?”

“உங்க மகனுக்கு முப்பத்திரண்டு வயசுய்யா.”

அவர் வந்தபோது இருந்த வீராப்பு எங்கே போயிற்றோ. முகம் வெளிறிக் கிடந்தது. அதைப் பார்க்க வினிதாவுக்கே பாவமாகிவிட்டது.

“பயப்படாதீங்கய்யா. இந்தப் புகையும் தூசியும் படாம ஆறு மாசம் இருந்தா தானா எறங்கும். உங்களுக்குக் கொல்லை இருக்காமே? அங்க காத்தாட இருக்கட்டும். உங்க கிணத்துத் தண்ணி, நீங்க போடுற கீரைன்னு சாப்பிட்டுக்கிட்டு, புள்ளையோட விளையாடிக்கிட்டு...”

கிருஷ்ணப்பன் எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஆலையின் மதிலை ஒட்டி, அந்தப் பக்கம் அவருடைய கொல்லை. கிணற்றுத் தொட்டியருகே நான்கு வயதுப் பேத்தி சுவாதி, இரண்டு கைகளாலும் தண்ணீரை அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“வேலை போனாப் போவுது தாயி” என்றார் திரும்பாமலே. “அந்தப் புள்ளைக்கு ஒடனே ரத்தம் பாக்கணும். போன வாரம் அவன் சீட்டை எடுத்துக்கிட்டுப் போயி ரத்தம் குடுத்தது நான்தான். இந்தக் கம்பெனிக்குள்ள இன்னிக்குத்தாம்மா நான் மொதமொதலா கால் வெச்சிருக்கேன்.”