உடன் ஒருவர்

“விக்கிறதா இல்லைங்க” என்றார் கறுப்புக் கண்ணாடிக்காரர். கையிலிருந்த வெள்ளிப் பாஸை விரலால் தடவியபடியே இருந்தார்.

லோவெல் விடுவதாக இல்லை. மில்வாக்கி நகர மைதான வாசலில் அந்தப் பாஸ் பளபளத்ததைக் கண்டதுமே, வரிசையை விட்டு விலகி வந்து பெஞ்சில் அவரை ஒட்டி உட்கார்ந்துவிட்டான். அமெரிக்காவின் பெரிய லீகில் பத்து வருடம் பேஸ்பால் ஆடியவர்களுக்கு மட்டும் தரும் பாஸ் அது. ஆயுள் முழுக்க எந்த மைதானத்துக்குள்ளும் சும்மா போகலாம்.

வாசல்காரன் வேலைக்குப் புதிது. அப்படி ஒரு பாஸை அவன் கண்டதில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, “மேனேஜரைக் கேட்டுட்டு வந்துர்றேன் சார்” என்று உள்ளே போயிருந்தான்.

பாஸில் பொறித்திருந்ததை லோவெல் எட்டிப் பார்த்துப் படித்தான். ‘டெல்மர் ஹாஸ்கின்ஸ், உடன் ஒருவர்.’ பந்து எறிவதில் பேர்போன அந்தக் காலத்து ஆட்டக்காரர்! படித்ததும் அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“என்கிட்ட நாப்பது பாஸ் இருக்கு மிஸ்டர் ஹாஸ்கின்ஸ். எல்லாம் செத்துப்போனவங்களோடது. உயிரோட இருக்கிறவர் கையால ஒண்ணுகூட வாங்கினதில்ல.”

“அப்ப இதுக்கும் கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க” என்று சிரித்தார் கண்ணாடிக்காரர்.

அவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய உருவம் உட்கார்ந்திருந்தது. அதுவும் கிழவர்தான். மடியில், போட்டு உட்கார இரண்டு சிறு மெத்தைகளையும் ஒரு பை வேர்க்கடலையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உடைத்து, பருப்பைக் கண்ணாடிக்காரரின் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். டிரைவராக இருக்கும் என்று லோவெல் முடிவு கட்டிவிட்டான். அவனுக்கு வேண்டியவர்களைத் தவிர வேறு யாரும் அவன் கண்ணில் படுவதில்லை.

“பாஸ் இல்லாட்டி போகுது, ஒரே ஒரு கேள்வி. அந்த ரூஃபஸ் பெக் சமாச்சாரம்...”

கடலை உடைக்கும் சத்தம் நின்றது.

“அந்தப் பேச்சு வேண்டாங்க” என்றார் கடலை உடைத்த பெரியவர். “நீங்க யாருகிட்டப் பேசறோம்னு தெரியாம...”

கண்ணாடிக்காரர் அவர் முழங்காலில் கை வைத்து அழுத்தினார். “நீ இரு. அவர் பேசட்டும்.”

இது போதாதா லோவெலுக்கு? இன்னும் நெருங்கி உட்கார்ந்தான்.

“அன்னிக்கு நான் அப்பாகூட ஆட்டம் பாத்துக்கிட்டிருந்தேன் சார். அந்தப் பெக் உங்க பந்தை வேலிக்கு வெளிய அடிச்சான். அடிச்சவன் ஓடினானா? மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி மெதுவா நடந்தில்ல மைதானத்தைச் சுத்தி வந்தான்! உங்களைப் பாத்துத் தொப்பியை வேற தூக்கிக் காட்டினான். கொழுப்பெடுத்தவன்!”

“ஆமா. கொழுப்புதான்” என்றார் கண்ணாடிக்காரர் மெல்ல.

“அடுத்த தடவை மட்டையோட வந்து நின்னான். உங்க பந்து நேரா அவன் மூஞ்சிக்குப் போச்சு. அதோட சரி, பெக் திரும்ப ஆட வரவே இல்ல. அது அவனுக்கு ஒன்பதாவது வருஷம் சார். இன்னும் ஒரு வருஷம் தாக்குப்பிடிச்சிருந்தா அவனுக்கும் இதே பாஸ் கெடைச்சிருக்கும்.”

பெரியவர் எழுந்து நின்றார். மடியிலிருந்த கடலைப் பை தரையில் கொட்டியது. குனிந்து பொறுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. லோவெல் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“மழை தூறிச்சு, கை வழுக்கிடுச்சுன்னு பேப்பர்காரங்ககிட்டச் சொன்னீங்க. எங்கப்பா விழுந்து விழுந்து சிரிச்சாரு. ஹாஸ்கின்ஸ் கையாவது வழுக்கறதாவதுன்னு. குறி வெச்சுத்தானே சார் எறிஞ்சீங்க? இத்தனை வருஷம் ஆச்சு, இனிமே யாரு உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கப் போறா? சும்மா என் காதுல மட்டும் சொல்லுங்க.”

கையிலிருந்த பருப்பைக் கண்ணாடிக்காரர் தின்னவும் இல்லை, கீழே போடவும் இல்லை. மூடிய விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. கேட்டிருக்கக் கூடாதோ என்று லோவெலுக்கே ஒரு கணம் பயமாகிவிட்டது. ஆனாலும் பதிலைக் கேட்காமல் எழுந்து போக அவனால் முடியவில்லை.

உள்ளே தேசிய கீதம் தொடங்கியது. வாசல்காரன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“மன்னிச்சுக்குங்க சார், எனக்குத் தெரியாமப் போச்சு. ரெண்டு பேரும் தாராளமா உள்ள போலாம்.”

பெரியவர் சட்டென்று கண்ணாடிக்காரரின் முழங்கையைப் பிடித்தார். “வா, போயிடலாம். மொதப் பந்தை விட்டுட்டா அப்புறம் நாள் பூரா பொலம்புவே.”

“போலாம். இவர் கேட்டதுக்குப் பதில் வரட்டும்.”

“தெரியாத மனுஷன் ஏதோ ஒளறினா அதுக்கெல்லாமா பதில் சொல்லிக்கிட்டு இருப்பாங்க? எந்திரி நீ.”

அவர் எழுந்திருக்கவில்லை. லோவெல் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதை நீட்டினான்.

கண்ணாடிக்காரர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. குரல் வந்த திசையில், பெரியவர் பக்கமாக முகத்தை உயர்த்தினார்.

“நீயே சொல்லு டெல்மர், என் கண்ணைப் பறிச்ச அந்தப் பந்து நெசமாவே வழுக்கிச்சா?”