முப்பத்தொரு விநாடி

போன் கம்பெனியின் புகார் பிரிவுக்கு வந்த புது மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் வந்த முதல் வாரத்திலேயே இரண்டு பேருக்குச் சீட்டு கிழிந்திருந்தது.

“உட்காருங்கம்மா. வாடிக்கையாளர்கிட்ட அஞ்சு விநாடிக்கு மேல பேசாம இருந்தா தப்பு, தெரியும்ல?”

“தெரியும் சார்.”

அவள் பேசிய பழைய அழைப்பு ஒன்றின் பதிவை அவர் ஓடவிட்டார். இறந்துபோன மனைவியின் போன் இணைப்பை ரத்து செய்யச் சொல்லி ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். “அவளையே பேசச் சொல்றீங்களே, எங்க போய்க் கூட்டிட்டு வர்றது?” பிறகு இரண்டு பக்கமும் முப்பத்தொரு விநாடி மௌனம். அப்புறம் அதே ஆள், தணிந்த குரலில், “சரிம்மா, மன்னிச்சுக்கோங்க” என்றார்.

“அந்த நேரத்துல என்ன பண்ணீங்க?”

மழுப்பிப் பயனில்லை என்று அவளுக்குப் பட்டது.

“ஜெபம் சார். அந்தக் காலத்துல பாலைவனத்துல தனியா இருந்த கிறிஸ்தவத் துறவிங்க, மூச்சோட சேர்த்து ரெண்டு மூணு வார்த்தைதான் சொல்வாங்களாம். எனக்குப் பாலைவனம் ஏது? ஹெட்போனை மாட்டிக்கிட்டுச் சொல்றேன்.”

“என்ன வார்த்தை?”

“‘இயேசுவே, இவர்.’ அவ்வளவுதான்.”

“இவருக்கு என்ன வேணும்னு கேக்க மாட்டீங்களா?”

“அது ஆண்டவருக்குத் தெரியும் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இந்த வேலையில சேர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி, அப்படிக் கத்தினது நான்தாம்மா. அந்த மௌனத்துல யாரோ பக்கத்துல வந்து உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு. யாருன்னு இப்பத்தான் தெரியுது.”

அவளுடைய அறிக்கையை இழுத்தார். ‘பேசாத நேரம்’ என்ற கட்டத்திலிருந்த முப்பத்தொரு விநாடியை அடித்துவிட்டு, ‘பேசிய நேரம்’ என்ற கட்டத்தில் எழுதினார்.