மூன்று பேர் சைஸ்

ஒரு குடும்பம் வசதியாக வாழ எவ்வளவு பெரிய வண்டிவீடு வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்? கம்பெனிக்காரர்கள் அதை யாரிடமும் கேட்பதில்லை. பழைய வண்டியின் கூரையில் ஒரு கேமராக் கண்ணைப் பொருத்திவிட்டுப் போவார்கள். உள்ளே யார் எங்கே உட்காருகிறார்கள், படுக்கிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்து, புது வண்டியின் அளவை அதுவே சொல்லிவிடும்.

கல்யாணமாகாமல் தம்பி குடும்பத்தோடு ஒண்டியிருந்த தவமணி, அவர்கள் வண்டியிலும் கண்ணைப் பொருத்தியதும் ஒரு கணக்குப் போட்டாள். இடத்தை அடைக்கிறவள் என்று பேர் வாங்கினால் கழற்றிவிட்டுவிடுவார்கள். அதனால் அந்த வாரம் முழுக்க வண்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டாள், வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் பங்கில் குளித்தாள், வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தாள்.

"நீங்க இருக்கிற இடமே தெரியல அண்ணி, தங்கம்!" என்றாள் தம்பி மனைவி சுடர்க்கொடி. தவமணிக்கு உச்சி குளிர்ந்தது.

வாரம் முடிந்ததும் தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நான், அவ, பாப்பா. மூணு பேர் சைஸ் போதும்னு அந்தக் கண்ணு சொல்லுதுக்கா."

"அப்ப நான் எங்கடா படுக்கிறது?"

"நீதான் உள்ளயே வரலையே. இனிமே நான் என்ன செய்யட்டும்?"

மறுநாள் காலை பழைய வண்டிக்குப் பதிலாக மூன்று படுக்கை உள்ள வண்டி வந்தது. தவமணி சாமான்களை ஏற்றிக் கொடுத்தாள். அவர்கள் கிளம்பினார்கள்.