இறுக்கினால் பிரித்துவிடு

"ரெண்டுக்கும் வயிறு நிறைய எலி போட்டாச்சு. பசியோட சேர்த்து வச்சா ஒண்ணை ஒண்ணு முழுங்கிடும். கிங் ஸ்னேக் பாம்பையே தின்கிற பாம்பு, மாளவிகா," என்றார் அப்பா.

மான்ட்ரியல் குளிருக்கு, அப்பா பாம்பு வளர்க்கும் அந்த அறையில் மட்டும்தான் எப்போதும் இதமான சூடு. பெண் பாம்பை ஆணின் கூண்டில் விட்டுவிட்டு, பாம்பைத் தூக்கும் கொக்கியோடு பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

ஆண் பாம்பு அதன் கழுத்தைக் கவ்வியது. எனக்குப் பதறியது.

"பயப்படாதே, இணையறப்போ அப்படித்தான் கவ்வும். உடம்பைச் சுத்தி இறுக்க ஆரம்பிச்சா மட்டும் உடனே பிரிச்சிடணும்."

"அப்புறம் சமாதானமாயிடுமேன்னு மறுபடி சேர்ப்பீங்களா?"

"பைத்தியமா? ஒரு தடவை இறுக்கினது மறுபடியும் இறுக்கும். பொண்ணு செத்துடும்."

அழைப்பு மணி அடித்தது. அம்மா என் பெட்டியை வாசலுக்கு உருட்டிக்கொண்டு போனாள்.

"மாப்பிள்ளைதான். லாவல்ல இருக்கிற உங்க வீட்டுக்குப் பெட்டியோட மெட்ரோல போறது கஷ்டம், அதான் காரை எடுத்துட்டு வரச் சொன்னேன்," என்றார் அப்பா. "ஆம்பளைன்னா கோபம் வரத்தான் செய்யும். நீதான் அனுசரிச்சுப் போகணும்."

என் கழுத்தில் பதிந்திருந்த விரல் தடங்கள் தெரியாதபடி அம்மா மஃப்ளரைச் சுற்றிவிட்டாள்.

அப்பா எழுந்திருக்கவில்லை. கூண்டை விட்டு ஒரு நிமிஷம்கூட நகரக் கூடாதாம்.